கிராஃபிக்ஸ் கார்டு மாற்றலாமா? வாங்குமுன் போட வேண்டிய கணக்கு



பருப்பு மண்டிக்காரனுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்ததும் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாற்பது ஆண்டுகளாக உளுந்தும் துவரையும் வாங்கி விற்றவன் நான். படிப்பு பள்ளி இறுதியோடு சரி. ஆனால் இன்று நம்மில் பலர் வீட்டில் ஏழெட்டு வருடப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. பிள்ளையோ பேரனோ, "கிராஃபிக்ஸ் கார்டு மாத்தினா போதும், புது மெஷின் மாதிரி ஓடும்" என்று சொல்கிறான். இருபதாயிரம், முப்பதாயிரம் என்று விலை கேட்டதும் நாம் ஒன்று கோபப்படுகிறோம், அல்லது யோசிக்காமல் பணத்தை எடுத்துக் கொடுக்கிறோம். இரண்டுமே வியாபாரிக்கு அழகல்ல.

நான் இந்த விஷயத்தில் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவன். இரண்டாம் முறை கணக்குப் போட்டு நடந்தேன். அதிலும் ஓர் ஓட்டை விழுந்தது. அந்த அனுபவத்தை அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிராஃபிக்ஸ் கார்டு என்பது என்ன?

கம்ப்யூட்டருக்குள் பிராசசர் என்று ஒன்று உண்டு. அதை நம் மண்டியின் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சரக்கு எங்கே போக வேண்டும், யாருக்கு என்ன பாக்கி என்று முடிவெடுப்பது அவர் வேலை. கிராஃபிக்ஸ் கார்டு என்பது மூட்டை தூக்கும் தொழிலாளர் கூட்டம். ஒவ்வொருவரும் செய்வது சின்ன வேலைதான். ஆனால் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் செய்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்வோம். என் மகன் 2017-இல் வாங்கியது. அதன் பிராசசர் இன்டெல் ஐ5-7400. அதில் நான்கு உட்பிரிவுகள், அதாவது நான்கு கணக்குப்பிள்ளைகள். கார்டு என்விடியா ஜி.டி.எக்ஸ். 1060, 6 ஜி.பி. வகை. 2016-இல் சந்தைக்கு வந்தது. அதில் 1,280 தொழிலாளர்கள். அந்த 6 ஜி.பி. என்பது கார்டுக்கே சொந்தமான குடோன்.

திரையில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. 1920க்கு 1080 என்ற சாதாரணத் திரையில் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். விளையாட்டு தடங்கலில்லாமல் ஓட ஒரு விநாடிக்கு 60 படங்கள் வேண்டும் என்பார்கள். அப்படியானால் ஒரு படத்தை முடிக்கக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. அதற்குள் கணக்குப்பிள்ளை முடிவெடுத்து, தொழிலாளர்கள் மூட்டையை இறக்கி முடித்தாக வேண்டும். இருவரில் ஒருவர் தாமதித்தாலும் படம் தட்டித் தட்டித்தான் வரும்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. கணக்குப்பிள்ளை திணறும்போது இன்னும் ஐம்பது கூலியாட்களை அமர்த்தி என்ன பயன்? கல்லாவில் ஒரே ஆள் நின்று பில் போட, வாசல் வரை வாடிக்கையாளர் நிற்கும்போது, குடோனைப் பெரிதாகக் கட்டியவனைப் பார்த்து ஊர் சிரிக்காதா?

மலிவு என்று போய் நஷ்டப்பட்டது

2021-இல் கார்டுகளின் விலை கண்டபடி ஏறியிருந்தது. ஈதீரியம் என்ற மின்னணு நாணயத்தைத் தயாரிக்க இந்தக் கார்டுகளை மொத்தம் மொத்தமாக வாங்கிக் குவித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2022 செப்டம்பரில் ஈதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. கார்டு தேவையில்லை என்றாகிவிட்டது. இரவு பகலாக ஓடிய பழைய கார்டுகள் சந்தையில் வந்து விழுந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சிறு கடையில் 9,000 ரூபாய்க்கு ஒரு பழைய கார்டு வாங்கினேன். பேரனுக்குப் பிறந்த நாள். பில் கேட்கவில்லை. ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. பூச்சி அரித்த உளுந்தைக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்காதவன், இதை அட்டைப் பெட்டியின் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன்.

அந்தக் கார்டுக்கு 8 முனை மின் இணைப்பு வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, 450 வாட் என்று எழுதியிருந்த மலிவுச் சரக்கு. அதில் இருந்தது ஒரே ஒரு 6 முனை இணைப்பு. 6 முனை இணைப்பு 75 வாட் வரைக்கும், 8 முனை இணைப்பு 150 வாட் வரைக்கும் கணக்கிட்டு வைக்கப்பட்டவை. கடைக்காரர் ஒட்டு ஒயர் போட்டு மாட்டிக் கொடுத்துவிட்டார். பதினோராம் நாள் இரவு கருகல் வாடை வந்து எல்லாம் நின்றது. எஸ்.எம்.பி.எஸ். போனது, கார்டும் போனது. மதர்போர்டு தப்பியது தெய்வச் செயல். இன்னொரு 450 வாட் பெட்டி வாங்கி, பழைய 1060 கார்டையே திரும்ப மாட்டினோம். பேரன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இரண்டாம் முறை: முதலில் எடை, பிறகு விலை

2025 கோடை விடுமுறையில் பேரன் மண்டியில் வந்து வேலை செய்தான். லாரி வரும் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து வருவான். அவன் சம்பளமும் சேமிப்பும் சேர்ந்து 28,000 ரூபாய் ஆனது. "தாத்தா, இந்தத் தடவை என் காசு. ஆனா நீங்க கூட உட்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். வாங்குவதற்கு முன் நாங்கள் செய்த சோதனைகளை வரிசையாகத் தருகிறேன். இவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை.

முதல் சோதனை: விளையாட்டு ஓடும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்ற பகுதி திறக்கும். பிராசசர், மெமரி, டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று அதில் தெரியும். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் நின்று பிராசசர் ஓய்வாக இருந்தால், தாமதம் கார்டில். பிராசசர் நூறைத் தொட்டுக் கார்டு சும்மா இருந்தால், தாமதம் பிராசசரில். பிராசசரின் நான்கு பிரிவுகளில் ஒன்று மட்டும் திணறினாலும் மொத்தக் கணக்கு குறைவாகவே காட்டும். அதனால் இந்த ஒரு சோதனையோடு நிறுத்தக் கூடாது.

இரண்டாம் சோதனை: விளையாட்டின் அமைப்புப் பகுதியில் படத்தின் அளவை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 என்று குறைக்க வேண்டும். புள்ளிகள் 9 லட்சத்து 21 ஆயிரமாகக் குறைகின்றன. கூலியாட்களின் சுமை பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. ஆனால் கணக்குப்பிள்ளையின் வேலை குறைவதில்லை. இப்போது விநாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால், கார்டு மாற்றுவதில் பலன் உண்டு. ஏறாமல் நின்றால், எத்தனை ஆயிரம் கொடுத்துக் கார்டு வாங்கினாலும் பலன் இல்லை.

பேரன் ஆடும் மூன்று விளையாட்டுகளிலும் சோதித்தோம். தனியாக ஆடும் கதை விளையாட்டில் 34 படங்கள் 58 ஆக ஏறின. நண்பர்களோடு சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டில் 62 இருந்தது 64 ஆனது. அவ்வளவுதான். கிரிக்கெட் விளையாட்டில் குறையே இல்லை. அவன் அதிகம் ஆடுவதும், அதிகம் குறைப்பட்டதும் அந்தத் துப்பாக்கி விளையாட்டைத்தான். அதற்குக் கார்டு மருந்தல்ல என்று பணம் போகும் முன்பே தெரிந்துவிட்டது.

சில்லறைச் செலவில் தீர்ந்தது எவ்வளவு?

மெமரியைப் பார்த்தோம். 8 ஜி.பி. பட்டை ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பி வழிந்தது. இன்னொரு 8 ஜி.பி. பட்டை போட்டோம். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு வழியாகச் சரக்குப் போய்வரும். கேபினட்டைத் திறந்து எட்டு வருடத் தூசியை எடுத்து, பிராசசரின் மேல் புதிய பசை தடவச் சொன்னோம். சூடு ஏறினால் இவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஆட்கள் உச்சி வெயிலில் சோர்வது போலத்தான். எல்லாம் சேர்ந்து 2,300 ரூபாய். துப்பாக்கி விளையாட்டில் இடையிடையே வந்த தடங்கல் பெரும்பாலும் நின்றது.

கதை விளையாட்டில் நிழல்களின் தரத்தைக் குறைத்து, எஃப்.எஸ்.ஆர். என்ற வசதியைப் போட்டான். சிறிய அளவில் படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் முறை இது. ஏ.எம்.டி. நிறுவனம் கொண்டுவந்தது. விளையாட்டில் அந்த வசதி இருந்தால் பழைய கார்டுகளிலும் வேலை செய்யும். 34 என்பது 45 வரை வந்தது.

ஹார்ட் டிஸ்க் மட்டும் வைத்திருப்பவர்கள் எஸ்.எஸ்.டி. போட்டால் கம்ப்யூட்டர் திறக்கும் நேரமும் விளையாட்டு ஏறும் நேரமும் வெகுவாகக் குறையும். படங்களின் எண்ணிக்கை அதனால் பெரிதாக ஏறாது. எது எதைத் தீர்க்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கார்டு வாங்குவதானால் பொருந்துமா?

மின்சாரம்: கார்டின் வாட் அளவையும், தயாரிப்பாளர் சொல்லும் எஸ்.எம்.பி.எஸ். அளவையும் இரண்டையும் பாருங்கள். 2021-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு 170 வாட். 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட். எங்கள் பழைய 1060 கார்டே 120 வாட் குடிக்கும். ஆகவே புதியது என்றாலே மின்கட்டணம் ஏறும் என்பதில்லை. 115 வாட் கார்டு நாளுக்கு மூன்று மணி நேரம் முழு மூச்சில் ஓடினால் மாதம் சுமார் 10 யூனிட். 2024-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050, 6 ஜி.பி. வகைக்கு 70 வாட் போதும். அதில் தனி மின் இணைப்பு இல்லாமலே ஓடும் மாடல்கள் உண்டு. எஸ்.எம்.பி.எஸ். மாற்ற விருப்பமில்லாதவர்களுக்கு அது ஒரு வழி.

இடம்: கேபினட்டின் உள்ளே அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள். சில கார்டுகள் 30 சென்டிமீட்டருக்கும் நீளமானவை. கதவை அளக்காமல் பீரோ வாங்கிய கதை ஆகக் கூடாது.

பாதை: கார்டு மதர்போர்டில் செருகும் வழியில் 16 தடங்கள் உண்டு. புதிய மலிவுக் கார்டுகளில் பல 8 தடங்களையே பயன்படுத்துகின்றன. பழைய மதர்போர்டில் அதனால் வேகம் சிறிது குறையும். அது தாங்கும். 2022-இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டில் நான்கு தடங்கள்தான், குடோனும் 4 ஜி.பி.தான். பழைய கம்ப்யூட்டருக்கு அது பொருந்தாத சரக்கு. இன்டெல்லின் ஆர்க் வகைக் கார்டுகள் நன்றாக ஓட 'ரீசைசபிள் பார்' என்ற வசதி மதர்போர்டில் இருக்க வேண்டும். 2017 காலத்துப் போர்டுகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது.

திரை: உங்கள் திரை விநாடிக்கு 60 படம் மட்டுமே காட்டக்கூடியது என்றால், 120 படம் வரையும் கார்டுக்குக் காசு கொடுப்பது வீண்.

பழைய கார்டின் ஆயுள்

பொருந்தாமை வேறு, காலாவதி வேறு. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' ஆகிய விளையாட்டுகளுக்கு ரே டிரேசிங் என்ற வசதி கார்டிலேயே இருந்தாக வேண்டும். 1060 போன்ற கார்டுகளில் அது இல்லை. அந்த வகைக் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளை ஒட்டிய டிரைவர்கள் தருவதை 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டு, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தருவதாக என்விடியா அறிவித்தது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு அது வெளியிட்ட பிராசசர் பட்டியலில் ஐ5-7400 இல்லை. எனவே கார்டு மட்டும் புதிதானால் கம்ப்யூட்டர் முழுவதும் புதிதாகிவிடாது. கூரை ஒழுகும் கடைக்குக் கண்ணாடி அலமாரி போடுவதைப் போல, அடுத்த கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடிந்தால்தான் அந்தச் செலவு நிற்கும்.

என் கணக்கில் விழுந்த ஓட்டை

இவ்வளவும் பார்த்துவிட்டு, "காசை பேங்கில் போடு. இன்னும் சேர்த்து முழு மெஷினாக வாங்கலாம்" என்று பேரனிடம் சொன்னேன். மீதி 25,700 ரூபாயைப் போட்டு வைத்தான்.

2025 இறுதியில் மெமரி விலை கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதே காரணம். முழு மெஷினுக்கு நாங்கள் போட்டிருந்த மதிப்பீடு கைக்கு எட்டாமல் போனது. "தாத்தா, நீங்கதானே பொறுக்கச் சொன்னீங்க" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. வாங்காமல் இருப்பதும் ஒரு முடிவு, அதற்கும் ஒரு விலை உண்டு. பருப்பில் ஆயிரம் முறை கண்ட பாடம், இங்கே மறந்துவிட்டேன்.

மறுபடி காகிதத்தை எடுத்தோம். முழு மெஷின் இல்லை. ஆனால் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கார்டும் நாளைக்கு வேறு மெஷினுக்குப் போகக்கூடியவை. தீபாவளிக்கு மண்டியில் கொடுத்த 5,000 ரூபாயும் சேர்ந்து அவனிடம் 30,700 இருந்தது. டிசம்பரில் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். 4,400 ரூபாய்க்கும், 8 ஜி.பி. கார்டு 24,900 ரூபாய்க்கும் வாங்கினோம். மீதி 1,400.

வாங்கும் முன் அவனிடமே எழுதச் சொன்னேன். "கதை விளையாட்டு நன்றாக ஓடும். துப்பாக்கி விளையாட்டு இப்போது இருப்பது போலவே இருக்கும்." அப்படியேதான் நடந்தது. முன்னது 34-இலிருந்து 57 ஆனது. அளவைக் குறைத்துச் சோதித்தபோது கண்ட 58-ஐ ஒட்டியே வந்து நின்றது. பின்னதில் மாற்றமில்லை. அவன் ஏமாறவில்லை, ஏனென்றால் தெரிந்தே வாங்கினான்.

கடைக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

ஒன்று: பில் போடவும் இருப்புக் கணக்கு வைக்கவும் உள்ள கடைக் கம்ப்யூட்டருக்குத் தனிக் கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. பிராசசரோடு சேர்ந்து வரும் படவசதியே போதும். யாராவது தலையில் கட்டப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். பில் தாமதமானால் மெமரியையும் டிஸ்கையும் பாருங்கள்.

இரண்டு: கார்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. கடை எண்ணில் பில் போட்டு வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொல்வார்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு அந்தச் சலுகையைச் சட்டத்தின் 17(5) பிரிவு அனுமதிப்பதில்லை. பிள்ளை விளையாட வாங்குவதைப் பிள்ளை கணக்கிலேயே வையுங்கள்.

மூன்று: பழைய கார்டு வாங்குவதே தவறு என்று சொல்லமாட்டேன். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் நல்ல சரக்கும் கிடைக்கும். ஆனால் அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் கோடு விழுகிறதா, விசிறி சத்தம் போடுகிறதா என்று பாருங்கள். முதல் பில்லும் உத்தரவாத மீதமும் கேளுங்கள். தர மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

நான்கு: கார்டுக்கு விலை கேட்கும்போதே எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் சேர்த்து விலை கேளுங்கள். லாரி வாடகையைச் சேர்க்காமல் அடக்கவிலை போடுவோமா?

முடிவாக, பிள்ளைகள் கேட்பதை வீண் செலவு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட வேண்டாம். எங்கே தாமதம், நம் மெஷினுக்குப் பொருந்துமா, நாளைக்கு வேறு மெஷினுக்குப் போகுமா என்ற மூன்று கேள்விகளையும் அவர்களையே எழுதி வரச் சொல்லுங்கள். பதிலோடு வருகிற பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எதையும் அளந்து பார்த்து வாங்கும் பழக்கம் அங்கேயே அவனுக்குத் தொடங்கிவிடுகிறது. நாளை நம் கல்லாவில் உட்காரப் போகிறவனும் அவன்தானே!

வாழ்க வணிகம்! வளர்க நம் சங்கம்!